மலைக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு கூடாரம்

 

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைக்குப் பெறுபேறு வரும்வரை வீட்டில் கால் தரிப்பதில்லை. முன்பெல்லாம் அந்த மாதங்கள் கிரிக்கெட்டிலும் சந்திக் கடையிலும் கழிந்தன. இப்போது பிள்ளைகள் மலைக்குப் போகிறார்கள். ஹந்தானையில் தொடங்கும் ஆசை நக்கிள்ஸ் வரை போகிறது. அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் பல வீடுகளில் இன்று கேட்கும் பேச்சு இது: “உம்மா, எனக்கு ஒரு டென்ட் வேண்டும். ஓர் ஆள் படுக்கக்கூடியது. பாரமில்லாதது.”

கேட்டவுடன் தாய்க்கு வருவது அச்சம். சிலர் ஒரே சொல்லில் “வேண்டாம்” என்று முடித்துவிடுகிறார்கள். பிள்ளை கூட்டாளியிடம் ஒரு கிழிந்த டென்ட்டை இரவல் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் போகிறான். வேறு சிலர் பிள்ளை கேட்ட காசை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். பிள்ளை கடையில் கண்ணைக் கவர்ந்த ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறான். இரண்டு வீட்டிலும் முடிவு ஒன்றுதான். நடு இரவில், மழையில், அவன் உடம்பும் போர்வையும் நனைந்து போகின்றன.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. வாங்கப் போகும் பொருளைத் தாயும் அறிந்துகொள்வதே அது. புடவையைக் கையில் எடுத்தவுடன் நூலின் தரத்தைச் சொல்லும் நம் பெண்களுக்குக் கூடாரத்தின் தரத்தை அறிவது பெரிய காரியமல்ல.

இரண்டு நாளும் இலேசானது

திருக்குர்ஆனில் சூரத்துன் நஹ்லின் 80ஆவது வசனம், கால்நடைகளின் தோல்களால் அமைந்த கூடாரங்களை அல்லாஹ்வின் அருட்கொடைகளில் ஒன்றாகக் கூறுகிறது. அவை பயணம் செய்யும் நாளிலும் தங்கும் நாளிலும் இலேசாக இருப்பதை அங்கே எடுத்துச் சொல்கிறது. இரண்டு நாள்களையும் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள்.

கடைக்காரரும் பிள்ளையும் ஒரு நாளின் இலேசை மட்டுமே பேசுகிறார்கள். அதாவது, தூக்கிப் போகும் நாளின் இலேசை. சுமக்கையில் காற்றுப்போல் இருந்து, தங்குகையில் விரிக்க முடியாமல் அலைக்கழித்து, இரவில் ஒழுகி, காலையில் ஈரத்தோடு இரு மடங்கு கனக்கும் கூடாரத்தை இலேசானது என்று எப்படிச் சொல்வது? நம் மலைக்கு வேண்டியது இரண்டு நாளும் இலேசாக இருப்பது. கீழே வரும் செய்திகள் எல்லாம் இந்த ஒரு விடயத்தின் விளக்கமே.

நம் மலையில் அன்றிருந்த கூடாரம்

ஓர் ஆளுக்கு ஓர் இலேசான கூடாரம் என்பது மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்தது என்று எண்ண வேண்டாம். கண்டி இராச்சியத்தில் அது முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி மன்னனின் நாட்டில் பத்தொன்பது ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்தார். 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். அதில் தாளிப்பனை ஓலையைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். சிங்களத்தில் ‘தல’ என்று சொல்லும் மரம் அது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும். அதன் ஓர் ஓலை பலரை மழையிலிருந்து மறைக்கும் அளவு பெரியது. காய்ந்தால் இறுகிப் பலமாகும். விசிறிபோல் மடித்தால் கைக்கு அடக்கமாகும். படைவீரர் ஒவ்வொருவரும் ஓர் ஓலையைக் கொண்டுபோனார்கள். பகலில் அது குடை. இரவில் அதுவே கூடாரம்.

நொக்ஸ் தம் தோழர் ஒருவரோடு தப்பிப் போகையில் எடுத்துக்கொண்ட சாமான்களையும் எழுதி வைத்திருக்கிறார். பத்து நாளைக்கு உணவு, சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீருக்குச் சுரைக்குடுவைகள், ஒன்று பழுதானால் உதவ ஒன்றுக்கு மேற்பட்ட தீமூட்டும் பெட்டிகள், செருப்புத் தைக்க மான் தோல், கூடாரத்துக்கு இரண்டு தாளிப்பனை ஓலைகள். இன்று மலையேறும் பிள்ளை எழுதும் பட்டியல் இதிலிருந்து பெரிதும் வேறுபடாது. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடாரம் இரண்டு, ஆளும் இரண்டு. ஆளுக்கொரு கூடாரம் இருந்ததேயொழிய எவரும் தனியே போகவில்லை. இதைக் கடைசியில் மீண்டும் பேசுவோம்.

மலைநாட்டு முஸ்லிம்களுக்கு இந்த வாழ்க்கை அன்னியமானதல்ல. கண்டி மன்னர் காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கைக் கரையோரத்துக்கு இறக்கியவர்களில் நம் முன்னோர் முக்கியமானவர்கள். அந்தப் பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவலம் என்பார்கள். தமிழில் தாவளம் என்றால் தங்குமிடம். நுவரெலியா வீதியிலுள்ள தவலந்தென்ன என்ற ஊரின் பெயரில் அந்த வழக்கம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காட்டு வழியில் இராத் தங்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் நாம்.

முதற் கேள்வி: எங்கே போகிறாய்?

விலையைக் கேட்குமுன் பிள்ளையிடம் இடத்தைக் கேளுங்கள். சில பயணங்களுக்குக் கூடாரமே தேவையில்லை.

ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்கு அருகே தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ’ நடைபாதையை எடுத்துக்கொள்வோம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அது 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதற் கட்டம் கலஹாவில் முடிகிறது. அடுத்தது, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவுக்குப் போகிறது. வழியெல்லாம் தோட்டங்களும் லயங்களும் சிற்றூர்களும்தான். காலையில் நடந்து மாலையில் ஓர் ஊரை அடைந்து தங்கலாம். பஸ் ஏறி வீட்டுக்கும் வரலாம். தோட்டக் காணிகளுக்கு உரிமையாளர் உண்டு. கேட்காமல் அங்கே கூடாரம் அடிப்பது முறையல்ல. இந்தப் பாதைக்குப் போகிறவனுக்கு நல்ல சப்பாத்தும் மழைக்கோட்டும் போதும்.

நக்கிள்ஸ் அப்படியல்ல. முஷ்டி பிடித்த கையின் விரல் மொழிகள்போல் தெரிவதால் ஆங்கிலேயர் அந்தப் பெயரை வைத்தார்கள். சிங்களவர் தும்பர மலைத்தொடர் என்பர். அதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பானியா 1906 மீற்றர். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் அதுவும் ஒரு பகுதி. தெல்தெனிய, உன்னஸ்கிரிய வழியாக மீமுரேக்கும், மாத்தளை, ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கும் போகிறார்கள். வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அனுமதித்த இடத்தில் மட்டுமே கூடாரம் அடிக்கலாம். கூடாரத்தின் நன்மை தீமை தெரியவருவது இங்கேதான்.

தென்மேல் பருவப்பெயர்ச்சியும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியும் இந்த மலையை நனைக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஆகவே மழையே பெய்யாது என்று நம்பிப் போகத்தக்க மாதம் இங்கே இல்லை. மேல்நாட்டுப் பாலைவனத்தில் நடப்பவர் புகழ்ந்த கூடாரமும், வளைகுடாவில் கடற்கரைக்குக் கொண்டுபோகும் தானாக விரியும் கூடாரமும் இங்கே உதவாது. வெளிநாட்டிலிருக்கும் மாமா ஒன்றை அனுப்புவதாகச் சொன்னால், “மழைக்கு எது நல்லதோ அதை அனுப்புங்கள்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சமையலறைத் தராசில் ஒரு கணக்கு

தன் உடல் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் முதுகில் சுமக்கக் கூடாது என்பது மலையேறுவோர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. பிள்ளை 55 கிலோ என்றால் சுமை 11 கிலோ. தண்ணீர் 2 லீற்றர், அது 2 கிலோ. பாயும் போர்வையும் 2 கிலோ. இரண்டு நாள் உணவு ஒன்றரைக் கிலோ. உடுப்பும் மழைக்கோட்டும் ஒன்றரைக் கிலோ. அடுப்பு, பாத்திரம், டோர்ச், மருந்து ஒரு கிலோ. வெறும் பையே ஒன்றரைக் கிலோ. கூட்டினால் ஒன்பதரைக் கிலோ. கூடாரத்துக்கு மிஞ்சுவது ஒன்றரைக் கிலோதான்.

இந்தக் கணக்கோடு கடைக்குப் போனால் தெரிவு எளிதாகும். மலிவாகக் கிடைக்கும், பைபர் கிளாஸ் கம்புள்ள உருண்டைக் கூடாரங்கள் இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும். அலுமினியக் கம்பும் மெல்லிய துணியும் உள்ள ஓர் ஆள் கூடாரங்கள் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை. கம்பே இல்லாமல், நடக்கையில் ஊன்றும் தடியை நட்டு நிறுத்தும் கூடாரங்கள் ஒரு கிலோவுக்கும் குறைவு. டைனீமா என்ற அருமையான துணியில் செய்தவை அரைக் கிலோ அளவிலும் உண்டு. அவற்றின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது, எட்டவும் வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. உறையில் அச்சிட்ட நிறை சில வேளைகளில் முளைகளையும் கயிறுகளையும் பையையும் சேர்க்காத நிறையாக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து நிறுத்துத் தரும்படி கேளுங்கள்.

வெறும் தறப்பாளும் நைலோன் கயிறும் கொண்டு போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது மிக இலேசு, மிக மலிவு. ஆனால் நக்கிள்ஸில் தரையெல்லாம் அட்டை. அடி மூடிய, வலைக்கதவுள்ள கூடாரமே அங்கே நிம்மதியான நித்திரை தரும். தலையணை உறைபோல் ஆள் உள்ளே நுழையும் பைகளும் உண்டு. விடிய விடியப் பெய்யும் மழையில் அதற்குள் உடுப்பு மாற்றவும் முடியாது, எழுந்து உட்காரவும் முடியாது.

துணியும் தையலும்

இந்த இடத்தில் நம் பெண்கள் பிள்ளைகளைவிட நன்றாகத் தீர்மானிப்பார்கள்.

கூடாரத் துணியின் நூலை ‘டெனியர்’ என்ற அளவில் சொல்வார்கள். ஒன்பது கிலோமீற்றர் நீள நூல் எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுவே அதன் டெனியர். கண்டி நகரிலிருந்து அக்குறணைக்குச் சற்று முன்வரை நீட்டினாலும் 20 கிராமே நிறுக்கும் நூல் 20 டெனியர். இலேசான கூடாரங்களின் கூரை ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். நூல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கவனம் வேண்டும்.

அடுத்தது நீர் தாங்கும் அளவு. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை நிரப்பிப் பார்ப்பார்கள். 1500 மில்லிமீற்றர் என்றால் ஒன்றரை மீற்றர் உயர நீர்த்தூணைத் தாங்கும் என்று பொருள். கூரைக்கு அதற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்துணிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஏனெனில் ஈரத்தரையில் முழங்கால் ஊன்றும்போது நீர் கீழிருந்து அமுக்கி ஏறும்.

நைலோன் பலமானது. ஆனால் நனைந்தால் இழுபடும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை நடு இரவில் தொய்ந்து முகத்தில் முட்டும். பொலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் நம் மழைக்குப் பொலியெஸ்டரை எடுப்பதில் தவறில்லை.

இனித் தையல். ஊசி போன வழியால் நீரும் போகும் என்பது மெஷினில் தைக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். கூடாரத்தை உட்புறம் திருப்பிப் பாருங்கள். தையல்களின் மேல் கண்ணாடிபோன்ற நாடா ஒட்டியிருக்க வேண்டும். சில வகைத் துணிகளில் நாடா ஒட்டாது. அவற்றுக்கு நாமே பசை பூச வேண்டும். மூலைகளில் கயிறு கட்டும் இடம் இரட்டைத் துணியாக இருக்கிறதா, சிப் பிசகாமல் ஓடுகிறதா, வலையில் சிறு துளையும் இல்லையா என்றும் பாருங்கள். அட்டைக்குச் சிறு துளை போதும்.

மூச்சிலிருந்து வரும் ஈரம்

“புதிய டென்ட், ஆனால் ஒழுகுகிறது” என்று பிள்ளைகள் குறை சொல்வதுண்டு. பல வேளைகளில் அது ஒழுக்கல்ல. உறங்கும் மனிதனின் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் ஏறத்தாழ ஒரு கோப்பை நீர் ஆவியாக வெளியேறுகிறது. குளிர்ந்த துணியில் அது பட்டுத் துளிகளாகிறது. சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோப்பதுபோல.

ஆகவே ஒற்றைச் சுவர்க் கூடாரத்தைவிட இரட்டைச் சுவர்க் கூடாரமே நம் மலைக்கு உகந்தது. உள்ளே வலை, வெளியே மழைத்துணி, நடுவே காற்றோட்டம். துளிகள் வெளித்துணியின் உட்புறம் வழிந்து தரைக்குப் போய்விடும். மேலே காற்றுப் போகும் சிறு யன்னல் இருந்தால் இன்னும் நல்லது. குளிருக்கு அஞ்சி அதை அடைத்துவிடக் கூடாது.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை குளிர் கூடும். கண்டியில் ஒரு போர்வை போதுமான இரவில், 1500 மீற்றரில் நனைந்த உடுப்போடு காற்றில் கிடப்பவனின் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். பனி பெய்யாத நாட்டிலும் இது நடக்கும். நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் இவை அதன் அறிகுறிகள். உறங்குவதற்கென்று ஒரு சோடி உலர்ந்த உடுப்பைப் பொலித்தீன் பையில் சுற்றித் தனியாக வையுங்கள். எத்தனை மழை பெய்தாலும் அதை வழியில் உடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். அடியில் ஒரு ஸ்பொஞ்ச் விரிப்பும் வேண்டும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்தே கூடுதலாக ஏறும்.

நீளம், உயரம், விறாந்தை

‘ஓர் ஆள்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். கடையிலேயே விரித்துப் பிள்ளையைப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தடி ஏழு அங்குலப் பிள்ளைக்கு உட்புற நீளம் 210 சென்ரிமீற்றராவது வேண்டும். தலையோ பாதமோ சுவரில் முட்டினால் போர்வை அந்த இடத்தில் நனையும்.

உயரம், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை முட்டாத அளவு. ஒரு மீற்றருக்குக் குறையாமல். மழை விடாத மாலையில் அதற்குள் இருந்துதான் உடுப்பு மாற்றவும் சாப்பிடவும் ஓதவும் வேண்டும். எழுந்து நின்று தொழ எந்த ஓர் ஆள் கூடாரத்திலும் இடமிராது. வெளியே விரித்துத் தொழ, நீர் புகாத சிறு விரிப்பு ஒன்றைத் தனியே கொடுத்து விடுங்கள்.

கதவுக்கு வெளியே கூரை நீண்டு சிறு விறாந்தைபோல் இருக்கிறதா? ஈரச் சப்பாத்தும் சேறான பையும் அங்கே இருந்தால்தான் உள்ளே உலர்ந்திருக்கும்.

விரிக்கும் முறை

மழையில் விரிக்கையில் எது முதலில் நிற்கிறது என்று கேளுங்கள். பல கூடாரங்களில் உள்வலையை முதலில் நிறுத்தி, பிறகு மழைத்துணியைப் போர்த்த வேண்டும். கொட்டும் மழையில் அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே குளமாகிவிடும். மழைத்துணியை முதலில் நிறுத்தி, அதன் கீழே உள்வலையைக் கொளுவும் வகையே நம் பிற்பகல் மழைக்குப் பொருத்தம். விலை சற்றுக் கூடினாலும் இதில் சிக்கனம் வேண்டாம்.

பைபர் கிளாஸ் கம்பு பிளந்து கையைக் கீறும். அலுமினியம் வளையும், வளைந்ததை ஒரு சிறு குழாய்த் துண்டால் இணைத்து அன்றிரவை ஒப்பேற்றலாம். அந்தக் குழாய்த் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் நனைந்த மண்ணில் பிடிக்காது. நீளமான முளைகள் நான்கைந்து தனியே வாங்குங்கள். ரிவர்ஸ்டன் காற்றுக்குப் பெயர்போன இடம்.

அடியில் விரிக்கும் பொலித்தீன் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரை ஏந்திக் கீழே கொண்டுவந்துவிடும்.

நெருப்பு வேண்டாம்

இதைத் தாய்மார் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. மெழுகுவர்த்தியும் நுளம்புச் சுருளும் கூடாது. நைலோன் ஒரு நொடியில் உருகித் தோலில் ஒட்டும். மூடிய கூடாரத்தில் அடுப்பெரித்தால் மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

1997 ஏப்ரலில் மினாவில் நடந்ததை ஹஜ் செய்த குடும்பங்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூடாரங்களில் தீப்பற்றி 343 ஹாஜிகள் மரணமடைந்தனர். அதன் பின்னரே டெப்லோன் பூசிய, தீ எளிதில் பற்றாத கண்ணாடி இழைக் கூடாரங்கள் அங்கே அமைக்கப்பட்டன. நம் பிள்ளை கொண்டுபோவது அந்த வகைத் துணியல்ல. வெளிச்சத்துக்கு டோர்ச் போதும். உணவையும் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். எலியும் காட்டுப்பன்றியும் மணம் பிடித்து வரும்.

வீட்டு முற்றத்தில் ஒரு பரீட்சை

வாங்கியதை அப்படியே மலைக்குக் கொண்டுபோக விடாதீர்கள். முற்றத்திலோ மொட்டை மாடியிலோ விரிக்கச் சொல்லுங்கள். பிறகு தோட்டத்துக் குழாயால் பத்து நிமிடம் நீர் அடித்து, உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் கண்டால் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். மலையில் அது நடக்காது. அடுத்தது, விளக்கை அணைத்து இருட்டில் விரிக்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்தில் முடியாவிட்டால் இன்னும் பழக வேண்டும்.

திரும்பி வந்ததும் தாயின் பொறுப்பு தொடங்குகிறது. ஈரக் கூடாரத்தைச் சுருட்டி அலுமாரியில் வைத்தால் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் காலநிலையில் துணியின் நீர்காப்புப் பூச்சு சிதைந்து பிசுபிசுத்து நாறத் தொடங்கும். பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. நிழலில், காற்றில் காய விடுங்கள். கடும் வெயில் நூலை இற்றுப்போகச் செய்யும். வொஷிங் மெஷினில் போடக் கூடாது. சலவைத் தூளும் கூடாது. வெறும் நீரும் மெல்லிய துணியும் போதும். காய்ந்த பின் இறுக்கி மடிக்காமல் தளர்வான பருத்திப் பையில் வையுங்கள்.

ஆண்டில் இரண்டு முறை பயன்படும் பொருளுக்கு ஒவ்வொரு வீடும் பணம் செலவிடத்தான் வேண்டுமா? மூன்று குடும்பங்கள் சேர்ந்து நல்ல கூடாரம் ஒன்றை வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தலாம். மலிவான மூன்றைவிட அது நீண்ட காலம் உழைக்கும்.

ஓர் ஆள் கூடாரம், தனி ஆள் பயணமல்ல

சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஹஸ்ரத், ஓர் ஆள் டென்ட் வாங்கிக் கொடுத்தால், தனியே போ என்று நானே சொன்னதாகாதா?” நியாயமான கேள்வி.

இரவில் தனியே பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்கும்படியும், அது பிராணிகள் நடமாடும் வழி என்றும் அறிவுறுத்தியிருப்பது முஸ்லிமில் உள்ளது. காட்டில் தங்கும் எவருக்கும் இன்றும் பொருந்தும் அறிவுரைகள் இவை. மீமுரே பக்கத்தில் கால் சுளுக்கிக் கிடப்பவனின் கையடக்கத் தொலைபேசியில் சிக்னல் இல்லாமல் போகலாம். அப்போது அவனைக் காப்பது இன்னொரு மனிதனின் கால்கள்தான்.

எப்போதும் ஒரே கூட்டாளியோடு போகிறவன் என்றால், இரண்டு கிலோவில் இருவர் கூடாரம் ஒன்றை வாங்கி, ஒருவர் துணியையும் மற்றவர் கம்பையும் சுமக்கலாம். ஆளுக்கு ஒரு கிலோதான். கூட்டம் மாறி மாறிப் போகிறவனுக்கு ஓர் ஆள் கூடாரம் வசதி. ஒருவருடையது கிழிந்தாலும் மற்றவருடையது இருக்கும். எதுவாயினும் ஆள் இரண்டுக்குக் குறையக் கூடாது. மூன்று பேர் என்றால் இன்னும் நல்லது. ஒருவர் விழுந்தால் ஒருவர் அருகில் இருக்க, மற்றவர் உதவி தேடிப் போகலாம்.

இடத் தெரிவும் உயிர்ப் பிரச்சினை. ஓடைக்கரையில் வேண்டாம், மேலே பெய்த மழை இரவில் கீழே வரும். மலை முகட்டில் தனி மரத்தடியில் வேண்டாம்; மின்னலுக்குக் கூடாரம் எந்தப் பாதுகாப்பும் அல்ல. செங்குத்தான சரிவின் கீழும் வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் எத்தனை குடும்பங்களை அழித்தன என்பதை நாம் கண்ணால் கண்டோம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவித்தலையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்த பின்பே பயணம். எச்சரிக்கை இருந்தால், பை கட்டி வாசலில் நின்றாலும் பயணம் இல்லை.

புறப்படுமுன் பிள்ளை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்: எந்த வழி, எங்கே தங்கல், யார் யார், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவது. அந்தத் தாள் உம்மாவின் கையில் இருக்கட்டும். அதன் கீழே மூன்று இலக்கங்களையும் எழுதி வையுங்கள்: பொலிஸ் அவசர சேவை 119, அம்பியுலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. குறித்த நேரம் கடந்து பொழுது சாய்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொண்டிராமல் உடனே அழையுங்கள்.

பிள்ளை மலையில் ஓர் இரவைக் கழித்து வருவதில் நன்மையும் உண்டு. விளக்கில்லாத வானத்தை அவன் பார்ப்பான். தண்ணீர் எவ்வளவு பாரம் என்று தெரிந்துகொள்வான். வீட்டுக் கூரையின் அருமையையும் அறிவான். அதைத் தடுப்பதைவிட, நனையாமல் போய்வர வழிசெய்வதே தாய்க்கு அழகு.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் போக்கிலும் வரவிலும் பாதுகாப்பானாக! ஆமீன்.